ஈர விறகும் எரியும் பணமும்

மாரி தொடங்கிவிட்டால் எமது கிராமங்களில் காலைப்பொழுது புகையோடுதான் விடிகின்றது. தறப்பாள் கூரையின் கீழும், கிடுகுக் கொட்டிலிலும், புதிதாய்க் கட்டிய கல்வீட்டின் பின்சாய்ப்பிலும் ஒரு தாய் குனிந்திருந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரம் நெருங்கிவிடும். தேநீருக்கு வைத்த தண்ணீரோ கொதித்திராது. கண்கள் சிவந்திருக்கும். மடியில் இருக்கும் குழந்தை இருமிக்கொண்டிருக்கும்.

இடம்பெயர்ந்த மக்களிடையே பணியாற்றிய காலங்களில் இக்காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். "விறகு இல்லையா அம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "விறகு கிடக்குது சுவாமி, எரியுதில்லை." இந்த ஒரு வரியில் பெரியதொரு உண்மை அடங்கியுள்ளது. விறகு இருப்பது ஒன்று. எரியக்கூடிய விறகு இருப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தண்ணீர்.

இக்கட்டுரையில் இரண்டு விடயங்களைப் பற்றி உங்களோடு பேச விரும்புகின்றோம். ஒன்று, பணச்செலவின்றி விறகை நன்கு உலர்த்துவது எப்படி என்பது. மற்றையது, விறகை எரிப்பதற்கு அரசு மானியம் கொடுத்த ஒரு குளிர்நாட்டில் நடந்த கதை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதை வாசித்து முடிக்கும்போது காண்பீர்கள்.

ஒரு கட்டைக்குள் எவ்வளவு தண்ணீர்?

அப்போதுதான் தறித்த பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகும். இது மரத்துக்கு மரம் வேறுபடும். பாலை, வீரை போன்ற வைரமான மரங்களில் குறைவாகவும், முள்முருக்கு, முருங்கை போன்ற மென்மையான மரங்களில் அதிகமாகவும் இருக்கும். நல்ல வெயிலிலும் காற்றிலும் காய்ந்த விறகில் இது நூற்றுக்கு 15 முதல் 20 வீதமாகக் குறைந்துவிடும். அதற்குக் கீழே எமது காலநிலையில் இறக்குவது கடினம். இறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். தலையிற் சுமந்துவந்த பச்சை விறகுக் கட்டு 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கிலோ மரம். மிகுதி 5 கிலோ தண்ணீர். அடுப்பில் இதை வைத்தால், முதலில் அந்த ஐந்து லீற்றர் தண்ணீரையும் கொதிக்கவைத்து, கடைசித் துளிவரை ஆவியாக்க வேண்டும். சோற்றுப்பானை சூடாவதற்கு முன்னர், கண்ணுக்குத் தெரியாத வேறொரு பானையை வற்ற வைப்பது போன்றது இது. மரத்திலுள்ள மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இதற்கே செலவாகின்றது.

"ஏழில் ஒன்றுதானே, போகட்டும்" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பெரிய நட்டம் அதுவன்று. மரம் எரியும்போது முதலில் அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் சுவாலை என்று காண்பது அந்த வாயுக்கள் எரிவதையே. அவை எரிவதற்கு அடுப்பு நல்ல சூடாயிருக்க வேண்டும். ஈரவிறகு அடுப்பின் சூட்டைத் தணித்துவிடுவதால் அந்த வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. ஆகவே, குசினியை நிறைக்கும் அந்தப் புகை எரியாமற் போன விறகேயாகும். தலையிற் சுமந்து வந்ததன் ஒரு பகுதி கூரைவழியே போகின்றது. இன்னொரு பகுதி தாயினதும் பிள்ளையினதும் நெஞ்சுக்குள் போகின்றது. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இதில் அடங்குவர்.

காற்றும் வெயிலும் செய்யும் வேலை

விறகு உலர்த்துவதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. ஆறு காரியங்களைக் கவனித்தாற் போதும்.

முதலாவது, காலம். எமது வறண்ட வலயத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் வரும் மாசி, பங்குனி மாதங்களே அடுத்த மாரிக்கான விறகைத் தறித்துப் பிளப்பதற்கு ஏற்ற காலம். பின்னர் சித்திரை வெயிலும், வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்றும் வேலையைச் செய்துவிடும். புரட்டாதியில் விறகு தேடப் புறப்படுபவர் ஈரவிறகோடுதான் மாரியைக் காண்பார்.

இரண்டாவது, பிளத்தல். மரத்தில் நீர் வேரிலிருந்து இலைக்கு ஏறிய அதே நுண்குழாய்களின் வழியாகவே வெளியேறுகின்றது. எனவே வெட்டுமுகத்தால் விரைவாகவும், பக்கவாட்டில் மிக மெதுவாகவும் காயும். பட்டையோ தண்ணீரை வெளியே விடாத ஒரு சட்டை போன்றது. ஆகையால் ஒரு முழ நீளத் துண்டுகளாகத் தறித்து, பச்சையாய் இருக்கும்போதே மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிட வேண்டும். பச்சை மரம் பிளப்பதற்கும் இலகு. காய்ந்தபின் கோடரியும் தோளும் நோகும். பிளக்காத உருளைக் கட்டை ஒரு வருடம் கிடந்தும் உள்ளே ஈரமாயிருக்கலாம். பிளந்த விறகு எமது கோடையில் இரண்டு மூன்று மாதங்களிற் காய்ந்துவிடும்.

மூன்றாவது, நிலத்தில் வைக்காதிருத்தல். வெறும் நிலத்தில் குவித்த விறகு கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும், கறையானும் ஏறும். நான்கு கல்லை வைத்து, மேலே இரண்டு நீளத்தடிகளைப் போட்டு, அதன்மேல் அடுக்க வேண்டும். நிலத்துக்கும் விறகுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் காற்றும் புகும், பாம்பு, தேள் இருந்தாற் கண்ணிலும் படும்.

நான்காவது, அடுக்கும் முறை. குவியலாகக் கொட்டாமல் ஒற்றை வரிசையாக அடுக்கி, வெட்டுமுகம் காற்று வரும் பக்கத்தைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். கொட்டிற் சுவரோடு ஒட்ட அடுக்கலாகாது. ஒரு முழம் தள்ளியிருக்கட்டும்.

ஐந்தாவது, மூடும் முறை. இங்கேதான் எம்மவர் பலர் தவறு விடுகின்றனர். மழைக்குப் பயந்து தறப்பாளால் விறகை நாலாபுறமும் சுற்றிக் கட்டிவிடுகின்றனர். விறகிலிருந்து வெளியேறும் ஈரம் தறப்பாளின் உட்புறத்தில் வியர்த்து மீண்டும் விறகிலேயே விழும், பூஞ்சணம் பிடிக்கும். மேலே மாத்திரம் மூடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். இரண்டு பழைய தகரமோ நாலைந்து கிடுகோ போதும்.

ஆறாவது, சோதித்தல். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மந்தமாய் ஒலிக்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கிய வெடிப்புகள் தெரியும். பட்டை கையோடு கழரும். இன்னும் நிச்சயமாய் அறிய விரும்பினால், ஒரு கட்டையில் அடையாளமிட்டு வாரத்துக்கொருமுறை கடைத்தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை குறையாவிட்டால் காற்றும் வெயிலும் செய்யக்கூடியதைச் செய்துவிட்டன என்று பொருள்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. அடுத்த நாளுக்கு வேண்டிய நாலு கொள்ளியை அங்கே வைப்பது நல்லதே. ஆனால் ஓலைக்கூரையின் கீழ் ஒரு மாதத்து விறகை அடுப்பின் தலைக்குமேல் அடுக்குவது வீட்டையே பலியிடுவதாகும்.

எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கேட்கின்றீர்களா? ஒரு வாரம் உங்கள் அடுப்பு எரிக்கும் கொள்ளிகளை எண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். அதை நூறால் பெருக்குங்கள். மாரியின் நூறு நாட்களுக்கும் போதுமான அடுக்கு அதுவே. இதில் பனைவளவு உள்ளவர்கள் கங்குமட்டை, பன்னாடை, ஊமல் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலியில் கிளிசரிடியா நட்டவர்களுக்கு இலை ஆட்டுக்கும் பசளைக்கும், தடி அடுப்புக்கு.

இன்னொன்றையும் இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் காணிக்குள் ஒரு சுள்ளிக்காகவும் கால் வைக்காதீர்கள். பிள்ளைகளை அனுப்பாதீர்கள். விறகு பொறுக்கப் போய்க் கால் இழந்தவர்களை எம்மிடையே காண்கின்றோம்.

குளிர்நாட்டில் ஒரு மானியம்

இனி அந்தக் குளிர்நாட்டுக் கதைக்கு வருவோம். பிரித்தானியாவில் விறகு சமைப்பதற்கன்று, வீட்டையும் பண்ணையையும் சூடாக்குவதற்கே தேவைப்படுகின்றது. எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதைக் குறைத்து, மீண்டும் வளரக்கூடிய மரத்துக்கு மக்களைத் திருப்ப வேண்டும் என்று அந்நாட்டு அரசு எண்ணியது. 2011 நவம்பரில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் பண்ணைகளுக்கும் தொழிலகங்களுக்கும் பொது நிறுவனங்களுக்குமென ஒரு மானியத் திட்டம் ஆரம்பமாயிற்று. வீடுகளுக்கு 2014 ஏப்ரலில் ஆரம்பமாயிற்று. மரத்தை எரிக்கும் கொதிகலன் ஒன்றைப் பூட்டி, அது தரும் வெப்பத்தை மானி வைத்து அளந்து, ஒவ்வோர் அலகுக்கும் இத்தனை பென்ஸ் என்று 20 வருடங்களுக்கு அரசு பணம் கொடுக்கும் என்பதே அன்றைய ஏற்பாடாயிருந்தது. வீடுகளுக்கு 7 வருடங்கள்.

நோக்கம் நல்லது. ஆயினும் சிலர் வேறொரு வழியைக் கண்டுகொண்டனர். கொதிகலனில் விறகை எரித்து, அந்த வெப்பத்தால் வேறு விறகை உலர்த்தி, உலர்ந்த விறகைச் சந்தையில் விற்கலாம் அல்லவா? உலர்த்துவதற்கு எரித்த வெப்பத்துக்கு அரசு பணம் தரும். உலர்ந்த விறகுக்கு வாங்குபவர் பணம் தருவார். காற்றும் வெயிலும் இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு மக்களின் வரிப்பணம் செலவாயிற்று. எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதைக் குறைக்கவென்று வந்த திட்டம், மரத்தை எரித்து மரத்தைக் காயவைப்பதில் முடிந்தது. 2018இல் பிரித்தானிய அரசு விதிகளைத் திருத்தி, புதிதாய் விண்ணப்பிப்போருக்குச் சில விதிவிலக்குகளுடன் விறகு உலர்த்தலை மானியத்துக்குரிய தேவைகளிலிருந்து நீக்கியது.

இதற்குச் சற்று மாறான, மிக எளிமையான ஒரு வழியையும் அங்கே காணலாம். இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், 2 கனமீற்றருக்குக் குறைவாகச் சில்லறையில் விற்கும் விறகில் ஈரம் நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஒரு சட்டம், ஓர் அளவு. விற்பவர் உலர்த்தி விற்க வேண்டும். எப்படி உலர்த்துவது என்பது அவர் பாடு.

சாம்பலுக்குக் கிடைத்த பணம்

வட அயர்லாந்தில் நடந்ததோ இதனிலும் பெரியது. அங்கே அக்காலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் எண்ணெயாலேயே சூடாக்கப்பட்டன. ஆகவே 2012 நவம்பரில் அப்பிரதேச அரசும் தனக்கென ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அப்போது அதற்குப் பொறுப்பான அமைச்சர் ஆர்லின் பொஸ்டர். பிரித்தானியத் திட்டத்தைப் பார்த்தே இது வகுக்கப்பட்டது. ஆனால் ஒரு முக்கியமான விதி விடுபட்டுப்போயிற்று. பிரித்தானியத் திட்டத்தில் சிறிய கொதிகலன்களுக்கு வருடத்தின் முதல் 1,314 மணித்தியாலங்களுக்கே உயர்ந்த வீதம். அதற்குமேல் எரித்தால் மிகக் குறைந்த வீதம். வட அயர்லாந்தில் அந்த எல்லை இருக்கவில்லை. எவ்வளவு எரித்தாலும் அதே வீதம்.

அந்த வீதம் அலகொன்றுக்கு 5.9 பென்ஸ். மரக்குறுணி எரிபொருளுக்கு ஆகும் செலவோ அலகொன்றுக்கு 4.39 பென்ஸ் என்றே திட்டத்தை வகுத்தபோது கணக்கிடப்பட்டிருந்தது. இதன் பொருளை எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் விளங்கிக்கொள்வார்: எரிக்க எரிக்க இலாபம். தேவையோ இல்லையோ, யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எரித்தாலும் இலாபம். ஒரு விவசாயி வெறும் கொட்டிலைச் சூடாக்கி 20 வருடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பவுண் பெறப்போகின்றார் என்ற முறைப்பாடொன்றும் அரசுக்கு வந்தது.

இதை முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் இருந்தார். எரிபொருட் சிக்கனத்துக்கான சாதனங்களை விற்கும் சிறு தொழில் நடத்திய பெண் அவர். மக்கள் வெப்பத்தை வீணாக்குகின்றனர், சிக்கனத்தில் எவருக்கும் அக்கறையில்லை என்று 2013ஆம் ஆண்டிலேயே அமைச்சருக்கும் திணைக்களத்துக்கும் எழுதினார். அதிகாரிகளை நேரிலும் சந்தித்தார். அவர்கள் அவரது சொல்லைப் பொருட்படுத்தவில்லை. எவராவது தேவையில்லாமல் எரிப்பார்களா என்பதே அவர்களின் எண்ணமாயிருந்தது.

2015இல் மானியம் குறைக்கப்படப் போகின்றது என்ற செய்தி பரவியதும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. செப்டெம்பர் முதல் நவம்பர் வரையான மூன்றே மாதங்களில் 984 விண்ணப்பங்கள். நவம்பரில் எல்லை விதிக்கப்பட்டது. 2016 பெப்ரவரி இறுதியில் புதியவர்களுக்குத் திட்டம் மூடப்பட்டது. அதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொதிகலன்கள் பதிவாகியிருந்தன. 20 வருடங்களில் 490 மில்லியன் பவுண் வரை மேலதிகச் செலவு ஏற்படலாம் என்று மதிப்பிடப்பட்டது.

இதன் விளைவாக 2017 ஜனவரி 9ஆம் திகதி பிரதி முதலமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி விலகினார், ஆட்சி கவிழ்ந்தது. வேறு பிணக்குகளும் சேர்ந்துகொள்ள, 2020 ஜனவரி வரை மூன்று ஆண்டுகள் அங்கே அரசாங்கம் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் சேர் பற்றிக் கொக்லின் நடத்திய பகிரங்க விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சில் வெளியாயிற்று. களவும் சதியும் இதற்கு அடிப்படைக் காரணமல்ல, ஒருவர்மேல் ஒருவராகப் பலர் விட்ட தவறுகளும் கவனக்குறைவுமே காரணம் என்று அது கண்டது.

இரு பக்கத்து நியாயம்

இதைக் கேட்டு, "மானியமே கெட்டது" என்று முடிவுகட்டுவது எளிது. அது நீதியாகாது. மரம் மீண்டும் வளரும், எண்ணெய் வளராது. விறகு உள்ளூரில் வேலை தரும். புதிய கொதிகலன் வாங்க ஏழைப் பண்ணையாளரிடம் பணம் இராது. ஆரம்பத்தில் ஒரு கை கொடுக்கத்தான் வேண்டும். இவை மானியத்தை ஆதரிப்போரின் நியாயங்கள்.

எரித்த மரம் மீண்டும் வளரப் பல வருடங்கள் செல்லும். புகை இன்றே வரும். வீட்டைச் சூடாக்கக் கொடுக்கும் பணத்தை வீட்டின் வெடிப்புகளை அடைக்கக் கொடுத்திருந்தால் எரிக்க வேண்டிய தேவையே குறைந்திருக்கும். இவை எதிர்ப்போரின் நியாயங்கள்.

இவ்விரு சாராருக்கும் நடுவே அகப்பட்டவர்களையும் மறக்கலாகாது. வட அயர்லாந்தின் கோழிப்பண்ணையாளர் பலர் எந்த ஏமாற்றும் செய்யவில்லை. குஞ்சுகளுக்கு உண்மையாகவே வெப்பம் தேவைப்பட்டது. அரசு 20 வருட வாக்குக் கொடுத்ததை நம்பி வங்கியிற் கடன்பட்டுக் கொதிகலன் வாங்கினர். 2019இல் மானியம் பெருமளவு வெட்டப்பட்டபோது கடன் அவர்களோடு நின்றது. மோசமாக வகுத்த திட்டம் பேராசைக்காரரைக் கொழுக்கவைத்தபின், நேர்மையானவர் தலையிலேயே கடைசியில் விழுகின்றது.

இந்தக் கதை எமக்கு எதற்கு?

எமது நாட்டில் எவரும் விறகுக்கு மானியம் தருவதில்லை. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது நான்கில் மூன்று பங்குக்கு மேலான வீடுகள் விறகிலேயே சமைத்தன. ஆயினும் அரசின் சலுகை மண்ணெண்ணெய்க்கே இருந்தது. அந்தச் சலுகையும் ஒரே நாளிற் போயிற்று: 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மண்ணெண்ணெயில் நீர்ப்பம்பி இயக்கிய தோட்டக்காரரும், படகோட்டிய மீனவரும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டு எரிவாயுக்கு வரிசையில் நின்ற பட்டணத்தவர் பலரும் மீண்டும் விறகைத் தேடினர். அவர்களுக்கும் அடுக்கிவைத்த காய்ந்த விறகு இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்களாகிய உங்களுக்கு உதவித்திட்டங்கள் புதியனவல்ல. கோழி தருவோர், ஆடு தருவோர், அடுப்புத் தருவோர், வீட்டுக்கு அரைப்பங்கு பணம் தந்து மீதியைக் கடன்பட வைப்போர் என்று பலர் வருகின்றனர். திருச்சபையின் பெயரால் வரும் எம்மையும் இதிற் சேர்த்தே சொல்கின்றோம். அடுத்தமுறை ஒரு திட்டம் உங்கள் கிராமத்துக்கு வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

இத்திட்டம் எதை அளக்கின்றது, எமது தேவையையா அல்லது நாம் செலவழிப்பதையா?

இதற்கு எல்லை உண்டா, அல்லது கூட உள்ளவருக்குக் கூடக் கிடைக்குமா?

காணி உறுதி இல்லாதவர், விதவைகள், இன்னும் முகாமில் அல்லது உறவினர் வளவில் இருப்பவர் ஆகியோருக்கு இதில் இடமுண்டா?

நாளை இது நின்றுபோனால் எம்மிடம் மிஞ்சுவது பொருளா, கடனா?

இதிற் பிழை கண்டால் யாரிடம் சொல்வது? சொன்னவரின் பேச்சைக் கேட்பவர் யார்?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. வட அயர்லாந்தில் அந்த ஒரு பெண்ணின் சொல்லை 2013இல் கேட்டிருந்தால் பல மில்லியன் பவுண் தப்பியிருக்கும். எமது கூட்டங்களிலும் பின்வரிசையில் இருக்கும் ஒரு பெண் எழுந்து, "இந்த அடுப்புக்கு எங்கட விறகு நீளம் காணாது சுவாமி" என்று சொன்னால், அதைக் குறிப்பெடுக்க நாம் பழக வேண்டும். அடுப்போடு மல்லுக்கட்டுபவர் அவர். அறிக்கை எழுதுபவர் நாம்.

எம்மைக் கேட்டால், ஒரு கிராமத்துக்குத் தரக்கூடிய சிறந்த விறகு மானியம் மிகச் சிறியது: குடும்பத்துக்கு ஒரு நல்ல கோடரி, விறகடுக்கின்மேற் போட இரண்டு தகரம், வேலிக்கு நட நூறு கிளிசரிடியாத் தடி. அனகி போன்ற இரட்டை வாய் மண்ணடுப்பு ஒன்றும் சேர்ந்தால் இன்னும் நன்று. இவற்றைக் கூட எரித்து இலாபம் பார்க்க எவராலும் இயலாது. நாளை நாம் வராவிட்டாலும் இவை உங்களிடம் இருக்கும்.

ஆனால் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மழை விட்டதும் நாலு கல்லும் இரண்டு தடியும் தேடுங்கள். பச்சையிலேயே பிளவுங்கள். மேலே மூடி, பக்கத்தைத் திறந்து வையுங்கள். பிளக்கும் வேலையை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விறகு பெண்களின் பாடு என்ற எண்ணம் எமது குடும்பங்களிலிருந்து நீங்கட்டும். அடுத்த மாரியில் ஒரு காலை, ஊதுகுழல் மூலையிற் கிடக்க, தேநீர் நேரத்துக்குக் கொதித்து, பிள்ளை இருமாமற் பாடசாலைக்குப் புறப்படுமானால், இந்தப் பக்கங்களை எழுதியதன் பயன் எமக்குக் கிடைத்துவிடும்.